முதுகுக்கு ஏற்ற வண்டி தேடி: தக்கலை முதல் முப்பந்தல் வரை ஓட்டிப் பார்த்தவை

முப்பந்தலில் காற்றாலை பராமரிப்பு வேலை எனக்கு. வீடு தக்கலைப் பக்கம். வில்லுக்குறி, சுங்கான்கடை, பார்வதிபுரம், வடசேரி, ஒழுகினசேரி, தோவாளை, ஆரல்வாய்மொழி என்று கன்னியாகுமரி மாவட்டத்தின் குறுக்கே தினமும் போய் வரவேண்டும். போக வர 70 கிலோமீட்டர் பக்கம் வரும். இத்தனை வருடமும் ஹோண்டா ஷைன் 125தான் சுமந்தது. பெட்ரோல் அதிகம் குடிக்காது, வழியில் நிற்காது. மாற்ற வேண்டி வந்தது வண்டிக்காக இல்லை, முதுகுக்காக. டவர் ஏணியில் ஏறி இறங்கி, மேலே கியர்பாக்ஸ் பக்கத்தில் குனிந்தே நின்று வேலை பார்த்துவிட்டு வருகிறவனுக்குச் சாயங்காலம் அந்த ரோடு பெரும்பாடாகிவிட்டது. எலும்பு டாக்டர் பைக்கை விடச் சொல்லவில்லை, உட்காரும் விதத்தை மாற்றுங்கள் என்றார்.

அதனால் இந்தத் தேடலில் வேகமோ ஸ்டைலோ முக்கியமில்லை. வீட்டு வாசலில் இறங்கும்போது என் முதுகு நிமிர வேண்டும். ஞாயிற்றுக்கிழமை பின்னால் உட்கார்ந்து வருகிற என் மனைவிக்கும் நிமிர வேண்டும். இரண்டு லட்சத்துக்கு மேல் போடப்போகிறோம், அது சுகத்துக்கான பணமாக இருக்கட்டும் என்று இருவரும் பேசி முடிவு செய்தோம்.

ஷோரூமில் தருகிற டெஸ்ட் ரைடைப் பற்றி முதலில் சொல்ல வேண்டும், ஏனென்றால் நம்மில் பெரும்பாலானோர் அதை நம்பித்தான் வண்டி எடுக்கிறோம். லைசென்ஸ் காட்டி, ஒரு தாளில் கையெழுத்துப் போட்டதும் சாவி தருவார்கள். விற்பனையாளர் பின்னால் ஏறிக்கொள்வார். அடுத்த ஜங்ஷன் வரை போய் யூ டர்ன் அடித்துத் திரும்பிவிட வேண்டும். அந்தத் தூரத்துக்கு எந்த வண்டியும் சுகமாகத்தான் இருக்கும். எனக்கு வலி தொடங்குவது முப்பந்தலிலிருந்து வீடு திரும்பும்போது, சுங்கான்கடை கழிந்து வில்லுக்குறி நெருங்குகிற இடத்தில். அந்த நேரம் வரை உட்கார்ந்து பார்க்காத வண்டியைப் பற்றி நான் என்ன சொல்ல முடியும்?

ஆகவே சில விஷயங்களில் பிடிவாதமாக இருந்தேன். காலையில் தூங்கி எழுந்த புது முதுகோடு போகாமல், வேலை முடிந்து களைத்து வருகிற நேரத்தில் ஷோரூமுக்குப் போனேன். தினமும் போடுகிற அதே ஷூ, அதே ஹெல்மெட், தோளில் அதே டூல் பை. ஏறுவதற்கு முன் டயரில் காற்று எவ்வளவு என்று பார்க்கச் சொன்னேன். இது சின்ன விஷயமாகத் தெரியும். ஒரு ஷோரூமில் டெமோ வண்டி ரோட்டில் கிடக்கும் சின்னக் கல்லைக்கூடத் தூக்கி அடித்தது. பக்கத்து பெட்ரோல் பங்கில் நிறுத்திப் பார்த்தால் இரண்டு டயரிலும் காற்று அளவுக்கு மீறி இருந்தது. சரியான அளவுக்கு இறக்கிய பிறகு அது வேறு வண்டி. அதைப் பார்க்காமல் விட்டிருந்தால் அந்த மாடலையே பட்டியலிலிருந்து அடித்திருப்பேன். இன்னொரு இடத்தில் மனைவியை ஏற்றிக்கொண்டு போகக் கூடாது என்றுவிட்டார்கள். ரெண்டு பேர் போகத்தானே வண்டி வாங்குகிறோம், ரெண்டு பேராக ஓட்டிப் பார்க்க விடவில்லை என்றால் எப்படி? அங்கே மேற்கொண்டு பேசவில்லை.

உண்மையான சோதனைக்குக் கைகொடுத்தது கூட வேலை செய்கிற பையன்களும் சொந்தக்காரர்களும்தான். எங்கள் சைட்டில் நிற்கிற வண்டிகளே ஒரு ஷோரூம் அளவுக்கு இருக்கும். சாயங்காலம் சாவியை மாற்றிக்கொள்வோம். என் ஷைனை அவன் எடுத்துப் போவான், அவன் வண்டியில் நான் வீட்டுக்குப் போய் மறுநாள் கொண்டு வருவேன். போகும்போது டேங்கில் பெட்ரோல் போட்டுக் கொடுத்தால் யாரும் வேண்டாம் என்று சொல்லமாட்டார்கள். வண்டி மாற்ற நினைக்கிறவர்களுக்கு நான் முதலில் சொல்வது இதுதான். தெரிந்தவரின் வண்டியில், உங்கள் ரோட்டில், உங்களுக்கு வலிக்கிற நேரம் வரை ஓட்டுங்கள்.

முதலில் மனதைப் பறித்தது ராயல் என்பீல்டு மீட்டியார் 350. சீட் உயரம் 765 மில்லிமீட்டர்தான். நான் 5 அடி 5 அங்குலம். இரண்டு பாதமும் முழுசாகத் தரையில் பதிந்தன. ஹேண்டில் கைக்குத் தானாக வந்தது. 15 லிட்டர் டேங்க், தட்டையான அகல சீட், கால் முன்னால் நீட்டி வைத்துக்கொள்கிற அமைப்பு. பார்வதிபுரம் மேம்பாலத்தில் ஏறி இறங்கும்போது தேடலை இங்கேயே முடித்துவிடலாமா என்று தோன்றியது. அதே வண்டியைச் சைட்டிலிருந்து வீடு வரை எடுத்து வந்தபோதுதான் என் முதுகு வேறு கதை சொன்னது.

ஃபுட் ரெஸ்ட் நம் உடம்புக்கு நேர் கீழே இருந்தால், குழியோ ஸ்பீட் பிரேக்கரோ வரும்போது நாம் அறியாமலே பாதத்தை ஊன்றி சீட்டிலிருந்து ஒரு விரற்கடை எழும்பிக்கொள்கிறோம். முழங்கால் அந்தக் குத்தை வாங்கிக்கொள்கிறது. கால் முன்னால் நீண்டிருந்தால் எழும்ப முடியாது. மொத்த எடையும் வால் எலும்பில் உட்கார்ந்திருக்கும். குழியின் அடி நேராக முதுகுத்தண்டில் ஏறும். இது மீட்டியாரின் குறை இல்லை. குரூசர் என்ற வகையே அப்படித்தான் வடிவமைக்கப்படுகிறது. நாகர்கோவிலிலிருந்து திருநெல்வேலிக்கு நாலுவழிச் சாலையிலேயே போய் வருபவர் என்றால் கண்ணை மூடிக்கொண்டு மீட்டியாரை எடுக்கலாம். தக்கலைக்கும் பார்வதிபுரத்துக்கும் இடையே கேரளாவுக்குக் கல்லும் மணலும் ஏற்றிப் போகிற டாரஸ் லாரிகளுக்குப் பின்னால், ஒட்டுப்போட்ட தாரில் தினமும் ஊர்கிற என்னைப் போன்றவர் நன்றாக யோசிக்க வேண்டும்.

சீட்டைக் கட்டைவிரலால் அமுக்கிப் பார்த்து "நல்ல குஷன்" என்று முடிவெடுக்கிறவர்களை நிறையப் பார்க்கிறேன். ரொம்ப மெத்தென்ற சீட் முதல் கால் மணி நேரத்துக்குத்தான் சுகம். அப்புறம் ஸ்பாஞ்ச் அமுங்கி, அடியில் உள்ள பலகை தெரியத் தொடங்கும். கொஞ்சம் கெட்டியாக, தொடை வரை தாங்குகிற அகலத்தில் இருக்கிற சீட்தான் ஒரு மணி நேரம் கழித்தும் அப்படியே இருக்கும். எடை எங்கே விழுகிறது என்பதுதான் கேள்வி. ஹேண்டில், சீட், ஃபுட் ரெஸ்ட் இந்த மூன்றும் சேர்ந்து அதை முடிவு செய்கின்றன. முன்னால் சாய்ந்தால் மணிக்கட்டு, பின்னால் சாய்ந்தால் வால் எலும்பு. நேராக உட்கார்ந்து கால் கீழே ஊன்றியிருந்தால் எடை மூன்று இடத்துக்கும் பிரியும். எனக்கு வேண்டியது அந்த மூன்றாவது.

ராயல் என்பீல்டின் ஹன்டர் 350ஐயும் டிவிஎஸ் ரோனினையும் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். ஹன்டர் 17 அங்குல சக்கரம், 790 மில்லிமீட்டர் சீட், சட்டென்று திரும்புகிற வண்டி. 2025இல் வந்த மாடலில் பின் ஸ்பிரிங்கை மாற்றியிருக்கிறார்கள், அது தெரிகிறது. ஆனால் கால் சற்றுப் பின்னால் மடங்குகிறது. ஏணி ஏறி இறங்கிய முழங்காலுக்கு அது வேண்டாம். ரோனின் 226 சிசி, எடை குறைவு, நெரிசலில் ஓட்டுவதற்கு இவை எல்லாவற்றிலும் லேசானது. நாகர்கோவில் டவுனுக்குள் மட்டும் ஓட்டுகிறவனாக இருந்தால் அதோடு தேடலை முடித்திருப்பேன். எனக்கு ஆரல்வாய்மொழி இருக்கிறதே.

காற்றைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், இது மற்ற ஊர்க்காரர்கள் எழுதும் விமர்சனத்தில் வராது. மேற்குத் தொடர்ச்சி மலையின் தெற்குக் கோடியில் உள்ள இடைவெளி ஆரல்வாய்மொழிக் கணவாய். தென்மேற்குப் பருவக்காற்று அந்த இடைவெளியில் நெருக்கிப் பாய்வதால்தான் இத்தனை காற்றாலைகள் அங்கே நிற்கின்றன. ஆனி, ஆடியில் எங்கள் மீட்டரில் செகண்டுக்கு 12 மீட்டர் காட்டினால் எங்களுக்குச் சந்தோஷம், இறக்கை முழு வேகத்தில் உற்பத்தி பண்ணும். அதையே பைக்கில் இருந்து பாருங்கள். மணிக்கு 43 கிலோமீட்டர் வேகத்தில் ஒருவன் தோளில் கையை வைத்துத் தள்ளிக்கொண்டே வருகிறான். காற்றின் வேகம் இரண்டு மடங்கானால் தள்ளும் விசை நான்கு மடங்காகும். காலையில் போகும்போது இடது பின்பக்கமிருந்து அடிக்கும், அது அவ்வளவு தெரியாது. சாயங்காலம் திரும்பும்போது வலது முன்பக்கமிருந்து சரித்து அடிக்கும். அப்போது வண்டியை நேராக வைத்திருக்க இடுப்பும் தோளும் ஓயாமல் வேலை செய்ய வேண்டும். என் முதுகுவலியில் பாதி அங்கேதான் உண்டாகிறது என்று பல வண்டி மாற்றி ஓட்டிய பிறகுதான் புரிந்தது.

சீராக அடிக்கிற காற்று பிரச்சினை இல்லை. வண்டியைக் கொஞ்சம் காற்றுப் பக்கம் சாய்த்துக்கொண்டு போய்விடலாம். வலப்பக்கம் லாரி ஒன்று தாண்டும்போதுதான் பரீட்சை. லாரியின் மறைவில் காற்று திடீரென்று நின்றுவிடும். சாய்த்து வைத்திருந்த வண்டி லாரிப் பக்கமே இழுக்கும். நிமிர்த்துவதற்குள் லாரி தாண்டிவிடும், காற்று மறுபடி ஒரே அடியாக அடித்து ரோட்டோரத்துக்குத் தள்ளும். ஷைனில் இந்த இடத்தில் வேகத்தைக் குறைத்து, தோளை இறுக்கிக்கொண்டுதான் போவேன். புது வண்டியில் முதலில் பார்க்க வேண்டியது அந்த இரண்டு செகண்டுதான் என்று முடிவு பண்ணியிருந்தேன்.

சைட்டில் ஒரு தம்பி டிரையம்ப் ஸ்பீடு 400 வைத்திருக்கிறான். 40 பிஎஸ் சக்தி, 176 கிலோ. சாவியைத் தரும்போது, "அண்ணே, திராட்டில்ல பைய கை வைங்க, அது உங்க ஷைன் இல்ல" என்றான். உண்மைதான். இந்த விலையில் இப்படி ஒரு என்ஜின் கிடைப்பது பெரிய விஷயம். லாரியைத் தாண்டவிடாமல் நாமே முன்னால் போய்விடலாம் என்கிற அளவுக்கு இழுக்கிறது. சஸ்பென்ஷனும் நன்றாகவே உட்காருகிறது. ஆனால் உடம்பு சற்று முன்னால் சாய்கிறது. நெரிசலில் மெதுவாகப் போகும்போது எடை மணிக்கட்டுக்கு வருகிறது. நாள் முழுக்க போல்ட் முறுக்குகிற டார்க் ரெஞ்ச் பிடித்த கை அது. பின் சீட்டும் சின்னது. பத்து வயது இளையவனாக இருந்தால் வேறு எதையும் பார்க்காமல் இதை எடுத்திருப்பேன் என்று அவனிடமே சொன்னேன்.

சுசுகி வி-ஸ்ட்ராம் எஸ்எக்ஸ் வேறு மாதிரி. நேராக உட்காரலாம், கால் ஊன்றி எழும்பலாம், 205 மில்லிமீட்டர் தரை இடைவெளி, முன்னால் 19 அங்குல சக்கரம். வில்லுக்குறிப் பக்கம் குழிகள் இருப்பதே தெரியவில்லை. நான் ஓட்டியதில் மோசமான ரோட்டுக்கு மிக நல்ல வண்டி இதுதான், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் சீட் உயரம் 835 மில்லிமீட்டர், எடை 167 கிலோ. உயரமும் லேசும் சேர்ந்து ஆரல்வாய்மொழிக் காற்றில் எனக்கு உகந்ததாக இல்லை. நின்றால் ஒரு காலின் நுனிதான் தரையில் படுகிறது. காற்று தள்ளுகிற இடத்தில் சிக்னலிலோ லாரிக்குப் பின்னாலோ நிற்கும்போது நுனிக்காலில் நிற்க மனம் ஒப்பவில்லை. 5 அடி 9 அங்குலம் உள்ளவருக்கு இந்தப் பிரச்சினையே வராது.

காற்றுக்கு முதலிடம் ராயல் என்பீல்டு கிளாசிக் 350க்கு. 195 கிலோ எடை அந்த இடத்தில் வரமாக மாறுகிறது. லாரி தாண்டுகிற அந்த நேரத்தில் வண்டி ஒரு சின்ன அசைவு காட்டிவிட்டுத் தன் வழியில் போய்க்கொண்டே இருந்தது. தோள் இறுகவில்லை. 27 நியூட்டன் மீட்டர் இழுவை, என்ஜின் நிமிடத்துக்கு 4000 சுற்று சுற்றும்போதே கிடைப்பதால் கியரை மாற்றிக்கொண்டே இருக்க வேண்டியதில்லை. கால் வைக்கும் இடம் நடுவாக, முதுகு நேராக. 2021இல் வந்த புது என்ஜினுக்குப் பிறகு பழைய புல்லட்டின் உதறல் இதில் இல்லை. சைட்டிலிருந்து வீட்டுக்கு வந்து இறங்கியதும் முதுகில் கை வைத்துப் பார்த்தேன். வலி இருக்கிறது, ஆனால் பாதிதான். இதை எடுக்கலாம் என்று அன்று இரவு மனைவியிடம் சொன்னேன். "நான் இருந்து பாக்காம எப்படி?" என்றாள். நியாயம்தான்.

அவள் அம்மா வீடு குலசேகரத்தில். அழகியமண்டபம் திரும்பி, வேர்கிளம்பி, திருவட்டாறு வழியாகப் போகிற ரோடு. ரப்பர் தோட்டத்துக்கு நடுவே வளைவுக்கு மேல் வளைவு, ஏற்றமும் இறக்கமும். அவள் சேலைதான் கட்டுவாள், ஒருபக்கமாகத்தான் உட்காருவாள். மோட்டார் பைக் விமர்சனங்களில் பின்னால் இருப்பவர் எப்போதும் இரண்டு பக்கமும் கால் போட்டு உட்காருகிறார். நம் ஊரில் பாதிப் பெண்கள் அப்படி உட்காருவதில்லை. ஒருபக்கமாக உட்காருபவரின் எடை இடப்பக்கம் விழுகிறது. ஓட்டுகிறவர் அதைச் சரிக்கட்ட, தெரியாமலே இடுப்பை வலப்பக்கம் முறுக்கிக்கொள்கிறார். குலசேகரம் போய் வந்தால் என் முதுகின் வலப்பக்கம் மட்டும் தனியாக வலிப்பதற்குக் காரணம் அதுதான். ஆக, அவள் எப்படி உட்காருகிறாள் என்பது அவள் சுகம் மட்டும் இல்லை, என் சுகமும்.

வி-ஸ்ட்ராமைப் பார்த்ததும், "இதுல ஏறதுக்கு உங்க டவர் ஏணிதான் வேணும்" என்று சொல்லி ஏறவே மறுத்துவிட்டாள். மீட்டியாரில் பின்னால் சாய்மானம் வைத்த மாடலை ஓட்டினோம். நேராக உட்காருபவருக்கு அது அருமை. ஒருபக்கமாக உட்காரும்போது முதுகுக்குப் பயன்படவில்லை, ஆனால் பிடித்துக்கொள்ள வசதி என்றாள். கிளாசிக்கில் முன் சீட்டும் பின் சீட்டும் தனித்தனித் துண்டு. நேராக உட்கார்ந்தால் போதுமான இடம். ஒருபக்கமாக உட்கார்ந்தால் தொடையின் பாதி வெளியே நின்றுவிடுகிறது. திருவட்டாறு வரும்போது, "கொஞ்சம் நிப்பாட்டுங்க, கால் மரத்துப்போச்சு" என்றாள். ஆதிகேசவப் பெருமாள் கோயில் பக்கம் சாயா குடித்துவிட்டுத்தான் மீதித் தூரம் போனோம்.

ஹோண்டா ஹைனெஸ் சிபி 350 எங்கள் பட்டியலிலேயே இல்லை. ஹோண்டாவின் பெரிய வண்டிகளை பிக்விங் என்ற தனிக் கடையில் விற்கிறார்கள். ஷைன் சர்வீஸுக்குப் போகிற இடத்தில் அது கண்ணில் படாது. மனைவியின் தம்பி வைத்திருக்கிறான். கிளாசிக்கில் அக்காவுக்குக் கால் மரத்த கதையைக் கேட்டுவிட்டு, "மச்சான், இதுலயும் ஒரு சுத்து போய்ட்டு வாங்க" என்று சாவியை நீட்டினான். பேச்சிப்பாறை அணை வரை போனோம்.

முதல் வித்தியாசம் சீட். முன்னும் பின்னும் ஒரே நீளத் துண்டு, தட்டை. அவள் தன் வசதிக்கு முன்னால் நகர்ந்து உட்கார்ந்தாள், தொடை முழுசாக சீட்டில். எனக்கு நெருக்கமாக உட்கார்ந்ததால் அவள் எடை பின்சக்கரத்துக்கு மேலே தொங்காமல் நடுவுக்கு வந்தது, என் இடுப்பு முறுக்கவே இல்லை. திரும்பும்போது அம்மா வீட்டுத் தேங்காயும் நல்லமிளகும் அடங்கிய பை அவள் மடியில். வளைவுகளில் அதைப் பிடிக்க ஒரு கை, கைப்பிடியைப் பிடிக்க ஒரு கை. ஒருதடவைகூட என் தோளை இறுக்கிப் பிடிக்கவில்லை. அவள் எதுவும் சொல்வதற்கு முன்னாலேயே எனக்கு விடை தெரிந்துவிட்டது.

இரண்டாவது, என்ஜின் இழுக்கிற இடம். 348 சிசி, சுமார் 30 நியூட்டன் மீட்டர், அதுவும் 3000 சுற்றிலேயே. பிஸ்டன் நீளமாக ஏறி இறங்குகிற என்ஜின் இது. உருளையின் குறுக்களவு 70 மில்லிமீட்டர், பிஸ்டன் நகரும் நீளம் 90.5. அதனால்தான் குறைந்த சுற்றிலேயே இந்த இழுவை. இரண்டு பேரோடு ஏற்றத்தில் திராட்டிலைக் கொஞ்சம் திருப்பினால் போதும். கிளட்ச் ஷைனுக்குப் பக்கத்தில் வருகிற அளவுக்கு லேசு. தக்கலை நெரிசலில் இடது கை சோர்ந்துபோவது முதுகுவலியை எவ்வளவு கூட்டும் என்பது அதில் மாட்டியவர்களுக்குத் தெரியும். கை களைத்தால் தோள் தொய்யும், தோள் தொய்ந்தால் முதுகு வளையும். கியரை முன்னாலும் பின்னாலும் மிதித்து மாற்றுகிற பெடல் இருப்பதால் பாதத்தை வளைத்துத் தூக்க வேண்டியதில்லை, செருப்போடும் ஓட்டலாம். தை மாதம் ரப்பர் இலை உதிர்ந்து, மேலே ஒரு மழை பெய்துவிட்டால் குலசேகரம் ரோடு வழுக்கும். பின்சக்கரம் சறுக்கினால் என்ஜின் சக்தியைத் தானே குறைக்கிற கட்டுப்பாடு இதில் இருக்கிறது. அந்த ரோட்டில் விழுந்து எழுந்தவர்களை எனக்குத் தெரியும், ஆகவே அது எனக்கு அலங்காரம் இல்லை.

மூன்றாவது விஷயத்தை எந்த டெஸ்ட் ரைடிலும் யாரும் பார்ப்பதில்லை. நிறுத்தியிருக்கிற வண்டியைத் தள்ளிப் பாருங்கள். மேற்குக் குமரியில் வீடுகள் மேட்டிலும் சரிவிலும்தான் இருக்கும். எங்கள் முற்றமும் அப்படித்தான், கேட் பக்கம் ஏறும். காலையில் வண்டியைப் பின்னுக்குத் தள்ளி மேட்டில் ஏற்றித்தான் வெளியே எடுக்க வேண்டும். முதுகு இன்னும் இளகாத நேரம் அது. கிளாசிக் 195 கிலோ, ஹைனெஸ் 181. வித்தியாசம் 14 கிலோதானே என்று தோன்றும். வீட்டு சிலிண்டருக்குள் இருக்கிற கேஸ் முழுவதும் அவ்வளவு எடைதான். தினமும் காலையில் அதைச் சேர்த்துத் தள்ள வேண்டுமா என்று கேட்டால் முதுகு வேண்டாம் என்றது. காற்றில் வரமாக இருந்த எடை முற்றத்தில் பாரம். மச்சினன் வண்டியை எங்கள் வீட்டுக்கே கொண்டுவந்து, சரிவில் தள்ளிப் பார்த்த பிறகுதான் ஹைனெஸ் என்று முடிவெடுத்தேன்.

ஆரல்வாய்மொழியில் ஹைனெஸ் எப்படி? கிளாசிக்குக்கு ஒரு படி கீழே. லாரி தாண்டும்போது அசைவு சற்றுக் கூடுதல். ஆனால் ஷைனோடு ஒப்பிடவே வேண்டாம். 19 அங்குல முன்சக்கரம், 800 மில்லிமீட்டர் சீட்டில் இரண்டு பாதமும் தரையில். தோளை இறுக்காமல் ஓட்ட முடிந்தது.

பிடிக்காதவையும் உண்டு. கியர்கள் நீளம். ஐந்தாவது கியரில் மெதுவாகப் போனால் முனகும், பார்வதிபுரம் மேம்பாலத்தில்கூட நாலாவதுக்கு இறங்க வேண்டும். ஹாரன் சுவிட்ச் மேலேயும் இண்டிகேட்டர் கீழேயும் இருக்கிறது, நம் கைப்பழக்கத்துக்கு நேர் தலைகீழ். கொஞ்ச காலம் திரும்ப வேண்டிய இடத்தில் ஹாரன் அடித்துக்கொண்டிருந்தேன். என்பீல்டு தெரிந்த மெக்கானிக் எந்த ஊரிலும் கிடைப்பார். இதற்கு அப்படி இல்லை, கடையைத்தான் நம்ப வேண்டும். வாங்குகிறவர்கள் இதை எடைபோட்டே முடிவெடுக்க வேண்டும். வருடத்துக்கு ஒருதடவை மட்டும் சர்வீஸுக்கு விடுகிறவருக்கு இது தொந்தரவு இல்லை. என்னைப் போல் தினமும் ஓட்டுகிறவருக்கு, சர்வீஸ் நாளை முன்கூட்டியே திட்டமிடுகிற பழக்கம் வேண்டும்.

பணக் கணக்கில் ஒன்றைக் குறிப்பிட வேண்டும். காற்று சீசன் முழுக்க ஓட்டிப் பார்த்துக்கொண்டிருந்தபோதே வரி மாறியது. 2025 செப்டம்பர் 22 முதல் 350 சிசி வரையுள்ள வண்டிகளுக்கு ஜிஎஸ்டி 28 சதவீதத்திலிருந்து 18 ஆனது. அதற்கு மேல் உள்ளவற்றுக்கு 40. கிளாசிக், மீட்டியார், ஹைனெஸ் எல்லாமே இந்தக் கோட்டுக்குள் வருகின்றன. அவசரப்பட்டு ஆடித் தள்ளுபடியில் எடுக்காமல் இருந்ததற்கு நல்ல மிச்சம் கிடைத்தது. அதில் மழைக்கால ஜாக்கெட்டும் மனைவிக்கு நல்ல ஹெல்மெட்டும் வாங்கினோம்.

ஹைனெஸ் எடுக்கிறவர்களுக்கு இன்னும் சில காரியம். பின்னால் உள்ள இரண்டு ஸ்பிரிங்கின் இறுக்கத்தை மாற்றலாம். ஷோரூமில் எந்த நிலையில் வைத்திருக்கிறார்களோ அதிலேயே பலரும் வருடக்கணக்கில் ஓட்டுகிறார்கள். தனியாகப் போகும்போது இளக்கமாகவும், இரண்டு பேர் போகும்போது ஒரு படி இறுக்கமாகவும் வைத்தால் குழியில் அடி குறையும். வண்டியோடு தருகிற ஸ்பேனரே போதும். அதைவிட முக்கியம் ஹேண்டில். அதைப் பிடித்திருக்கிற போல்ட்டுகளை இளக்கி, ஹேண்டிலைக் கொஞ்சம் நம் பக்கம் சுழற்றி முறுக்கினால் தோள் தானாக இறங்கும். கிளட்ச், பிரேக் லீவர்களையும் விரல் நேராக நீளும் கோணத்துக்குத் திருப்பச் சொல்லுங்கள். சேலை கட்டி உட்காருபவர் இருந்தால், இடப்பக்கம் இரண்டு பாதமும் வைக்கிற அளவுக்கு அகலமான ஃபுட் ரெஸ்டைப் பில் போடுவதற்கு முன்பே கேளுங்கள். அவரை வண்டியில் உட்காரவைத்து, அவர் கால் எங்கே தொங்குகிறது என்று பார்த்து அந்த உயரத்தில் மாட்டச் சொல்லுங்கள். எனக்கு இதையெல்லாம் டெலிவரி அன்றே அங்கேயே செய்து கொடுத்தார்கள், ஹேண்டிலுக்கும் லீவருக்கும் காசு கேட்கவில்லை.